பென் டிரைவைக் கழற்றலாம் என்ற செய்தி வரவில்லையா?

பென் டிரைவில் பைல்களைக் காப்பி செய்து முடித்தவுடன் அதனை அப்படியே பிடுங்கக் கூடாது. டாஸ்க் பாரின் வலது மூலையில் உள்ள சிறிய ஐகானைக் கிளிக் செய்து, "இனிக் கழற்றலாம்" என்ற செய்தி வந்த பின்னரே எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கிய முதல் நாளே இதனை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சரி, அந்தச் செய்தியே வரவில்லை எனில் என்ன செய்வது? பழைய கம்ப்யூட்டர்களில் இது அடிக்கடி நடக்கிறது. சில நாட்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, பிறகு "அது வராது" என்று பழகிக் கொள்கிறோம். ஆபத்து இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கணக்கு எழுதுவதற்கு மட்டும் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை வைத்திருக்கிறார். இன்டர்நெட் இணைப்பு இல்லை. பில் போடுவது, கணக்கு ஏற்றுவது, பேக்கப் எடுத்து ஆவடியில் உள்ள ஆடிட்டரிடம் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று யாரோ ஒரு டியூன் அப் புரோகிராமைப் போட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு டாஸ்க் பாரில் வரும் செய்திகள் நின்றுவிட்டன. நண்பரும் காப்பி முடிந்தவுடன் டிரைவைப் பிடுங்கப் பழகிவிட்டார். ஏழெட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு நாள் ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லையென்று, பேக்கப் பைலைக் காப்பி செய்யாமல் கட் செய்து பென் டிரைவில் பேஸ்ட் செய்தார். பைல் நகரும் பாக்ஸ் மறைந்தது. உடனே கழற்றி, பைக்கை எடுத்துக் கொண்டு ஆவடிக்குப் போய்விட்டார். அங்கிருந்து போன் வந்தது. "சார், பைல் பேரு இருக்குது, சைஸும் சரியாக் காட்டுது. ஆனா திறக்க மாட்டேங்குதே!"

அந்தப் பைலில் என்ன ஆனது, செய்தி ஏன் வரவில்லை, உங்கள் கம்ப்யூட்டரில் அதனை எப்படித் திரும்பக் கொண்டு வருவது என்று இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

அந்தச் செய்தி எதற்காக?

மளிகைக் கடையில் சீட்டைக் கொடுத்தால், கடைக்காரர் "ஆச்சு சார்" என்று சொல்லிவிடுவார். ஆனால் உள்ளே பையன் அப்போதுதான் பருப்பை நிறுத்துக் கொண்டிருப்பான். விண்டோஸும் சில நேரங்களில் இப்படித்தான் செய்கிறது. நீங்கள் காப்பி செய்திடும் பைலை முதலில் ராம் மெமரியில் வைத்துக் கொண்டு, "முடிந்தது" என்று காட்டிவிடும். பிறகு சிறிது சிறிதாக டிரைவில் எழுதும். இதற்கு ரைட் கேஷிங் என்று பெயர். இதனால் நமக்கு வேலை வேகமாக முடிந்தது போல் தெரிகிறது. எழுதி முடிக்கும் முன் டிரைவைப் பிடுங்கினால், மெமரியில் இருந்த பகுதி போய்விடும்.

டிரைவில் பைலின் உள்ளடக்கம் மட்டும் எழுதப்படுவதில்லை. எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் ஒன்றும் எழுதப்படுகிறது. பட்டியல் எழுதப்பட்டு உள்ளடக்கம் எழுதப்படாமல் போனால், நண்பருக்கு நடந்தது போல் பெயர் இருக்கும், பைல் திறக்காது. பட்டியலே பாதியில் நின்றால், அடுத்த முறை டிரைவைச் செருகும்போது "பார்மட் செய்யலாமா?" என்று விண்டோஸ் கேட்கும்.

எனவே இங்கே ஒன்றைப் புரிந்து கொள்ள வேண்டும். செய்தி வருவது வேறு, எழுதி முடிப்பது வேறு. செய்தி வராததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, விண்டோஸ் எழுதி முடித்துவிட்டது. ஆனால் அதனைச் சொல்லும் வழி அடைபட்டிருக்கிறது. இரண்டாவது, டிரைவை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் பிடித்துக் கொண்டிருக்கிறது. ஆகவே விண்டோஸ் விடை கொடுக்கவில்லை. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போல் இருக்கும். முதல் வகையில் பைலுக்கு ஆபத்து இல்லை. இரண்டாம் வகையில் பிடுங்கினால் பைல் போகும். எது என்று தெரியாத வரை இரண்டாம் வகை என்றே வைத்துக் கொள்ளுங்கள்.

முதல் சோதனை: ஐகான் இருக்கிறதா?

பென் டிரைவைச் செருகிய நிலையில், டாஸ்க் பாரில் கடிகாரத்தின் அருகே பாருங்கள். எக்ஸ்பியில் "சேஃப்லி ரிமூவ் ஹார்ட்வேர்" ஐகான் பச்சை அம்புக்குறியுடன் இருக்கும். விண்டோஸ் 7-ல் பிளக் போன்ற படம் இருக்கும். இரண்டிலும் இது அம்புக்குறி பட்டனுக்குப் பின்னால் மறைந்திருக்கலாம். அந்த அம்பைக் கிளிக் செய்து பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்னை இங்கேயே முடிந்துவிடும்.

எக்ஸ்பியில் ஐகானை நிரந்தரமாகக் காட்ட, டாஸ்க் பாரின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து "புராபர்ட்டீஸ்" தேர்ந்தெடுக்கவும். "ஹைட் இன்ஆக்டிவ் ஐகான்ஸ்" என்பதற்கு அருகில் உள்ள "கஸ்டமைஸ்" பட்டனைக் கிளிக் செய்திடவும். கிடைக்கும் பட்டியலில் "சேஃப்லி ரிமூவ் ஹார்ட்வேர்" என்பதனைக் கண்டு, "ஆல்வேஸ் ஷோ" என மாற்றி ஓகே கொடுக்கவும்.

விண்டோஸ் 7-ல் அம்புக்குறியைக் கிளிக் செய்து "கஸ்டமைஸ்" செல்லவும். பட்டியலில் "விண்டோஸ் எக்ஸ்புளோரர்" என்ற பெயரின் கீழ் இந்த ஐகான் இருக்கும். அதன் எதிரே "ஹைட் ஐகான் அண்ட் நோட்டிபிகேஷன்ஸ்" என்று இருந்தால் அதுதான் குற்றவாளி! "ஷோ ஐகான் அண்ட் நோட்டிபிகேஷன்ஸ்" என மாற்றிவிடவும். குழப்பமாக இருந்தால், அதே விண்டோவின் கீழே உள்ள "ரீஸ்டோர் டிபால்ட் ஐகான் பிஹேவியர்ஸ்" என்பதனைக் கிளிக் செய்தால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

விண்டோஸ் 10 பயன்படுத்துபவர்கள் செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க் பார் என்று சென்று, எந்தெந்த ஐகான்கள் தெரிய வேண்டும் என்ற பிரிவில் இதனை ஆன் செய்யலாம். "போகஸ் அசிஸ்ட்" ஆன் ஆகியிருந்தாலும் செய்திகள் கண்ணில் படாமல் போகலாம். அதனையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது சோதனை: பலூன் செய்திகள் நிறுத்தப்பட்டிருக்கிறதா?

ஐகான் இருக்கிறது, கிளிக் செய்தால் டிரைவின் பெயரும் வருகிறது, ஆனால் "இனிக் கழற்றலாம்" என்ற மஞ்சள் நிறக் கட்டம் மட்டும் வரவில்லை. எக்ஸ்பியில் இப்படி இருந்தால் பலூன் டிப்ஸ் நிறுத்தப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். நண்பரின் கம்ப்யூட்டரில் டியூன் அப் புரோகிராம் செய்த வேலை இதுதான். அத்தகைய புரோகிராம்களில் "பலூன் டிப்ஸ்" என்ற பெயரில் ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். மைக்ரோசாப்ட் நிறுவனமே எக்ஸ்பிக்காக வெளியிட்ட ட்வீக் யுஐ புரோகிராமிலும் டாஸ்க் பார் பிரிவில் இது உண்டு. எங்கே நிறுத்தினீர்களோ, அங்கேயே டிக் அடையாளத்தை மீண்டும் ஏற்படுத்தவும். புரோகிராமை நீக்கிவிட்டால் செட்டிங்கும் போய்விடும் என்று எண்ண வேண்டாம். அது ரெஜிஸ்ட்ரியில் எழுதப்பட்ட மதிப்பு. புரோகிராம் போன பின்னும் தங்கியிருக்கும். முதலில் செட்டிங்கை மாற்றி, பிறகு புரோகிராமை நீக்கவும். ரெஜிஸ்ட்ரியில் நேரடியாகக் கை வைப்பதைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது.

பலூன்களை நிறுத்தினால் இந்த ஒரு செய்தி மட்டும் போவதில்லை. எழுத வேண்டிய டேட்டாவை எழுத முடியாமல் போனால், எக்ஸ்பி "டிலேய்ட் ரைட் பெய்ல்ட்" என்ற எச்சரிக்கையை இதே வழியில்தான் காட்டும். நண்பர் டிரைவைப் பிடுங்கிய அந்த நொடியில் இந்த எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் ஆவடிக்குப் புறப்படும் முன்பே தெரிந்திருக்கும். தொல்லை என்று நிறுத்திய கட்டம், தேவைப்பட்ட நேரத்தில் வாய் திறக்கவில்லை!

மூன்றாவது சோதனை: டிரைவ் எந்த முறையில் எழுதுகிறது?

சாதாரணமாக எக்ஸ்பியும் விண்டோஸ் 7-ம் பென் டிரைவுக்கு ரைட் கேஷிங் வைப்பதில்லை. பிறகு நண்பரின் பைல் எப்படிப் போனது? அவருடைய பென் டிரைவ் என்டிஎப்எஸ் முறையில் பார்மட் செய்யப்பட்டிருந்தது. பேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே பைலை வைக்க முடியாது என்பதால் பலர் இப்படிச் செய்கிறார்கள். எக்ஸ்பியில் பென் டிரைவை என்டிஎப்எஸ் ஆக்க வேண்டுமானால், முதலில் அதனை "ஆப்டிமைஸ் பார் பெர்பார்மன்ஸ்" நிலைக்கு மாற்ற வேண்டும். மாற்றியவர்கள் பின்னர் திரும்ப மாற்ற மறந்துவிடுவார்கள். அந்த நிலையில் கேஷிங் வேலை செய்யும். காப்பி பாக்ஸ் மறைந்த பிறகும் எழுதும் வேலை தொடரும்.

உங்கள் டிரைவின் நிலையை அறிய, மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து "புராபர்ட்டீஸ்", "ஹார்ட்வேர்", "டிவைஸ் மேனேஜர்" என்று செல்லவும். "டிஸ்க் டிரைவ்ஸ்" என்பதன் கீழ் உங்கள் பென் டிரைவின் பெயரில் டபுள் கிளிக் செய்து "பாலிசீஸ்" டேபைத் திறக்கவும். எக்ஸ்பியில் "ஆப்டிமைஸ் பார் குவிக் ரிமூவல்" என்றும், விண்டோஸ் 7-ல் "குவிக் ரிமூவல்" என்றும் இருப்பதனைத் தேர்ந்தெடுக்கவும். வேகம் சற்றுக் குறையும். ஆனால் பாக்ஸ் மறைந்தால் பெரும்பாலும் எழுதி முடிந்தது என்று நம்பலாம். விண்டோஸ் 10-ல் 1809 பதிப்பு முதல், வெளியிலிருந்து இணைக்கும் டிரைவ்கள் அனைத்துக்கும் இதனையே மைக்ரோசாப்ட் வழக்கமான நிலையாக வைத்துவிட்டது.

மிகப் பழைய கம்ப்யூட்டர் எனில் வேகத்தையும் நினைவில் வையுங்கள். யுஎஸ்பி 1.1 போர்ட்டில் உச்ச வேகமே விநாடிக்கு 12 மெகாபிட், அதாவது 1.5 மெகாபைட். நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். 700 எம்பி பைல் ஒன்று ஏறப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகலாம். 2000-ம் ஆண்டில் வந்த யுஎஸ்பி 2.0-ல் உச்ச வேகம் 480 மெகாபிட். "இந்தச் சாதனம் இன்னும் வேகமாகச் செயல்பட முடியும்" என்ற பொருளில் எக்ஸ்பி செய்தி தந்தால், நீங்கள் மெதுவான போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கேபினட்டின் முன்புற போர்ட் தளர்ந்திருந்தால், பின்புறம் மதர்போர்டில் உள்ள போர்ட்டைப் பயன்படுத்தவும்.

நான்காவது சோதனை: டிரைவை யார் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள்?

கிளிக் செய்தால் "இப்போது நிறுத்த முடியாது" என்று வருகிறதா? இது பிழை அல்ல, கம்ப்யூட்டர் உங்களைக் காப்பாற்றுகிறது. பென் டிரைவிலிருந்தே திறந்த வேர்ட் பைல், அதில் இருக்கும் பாட்டை ஓடவிட்ட பிளேயர், டிரைவின் போல்டரைக் காட்டும் விண்டோ, ஸ்கேன் செய்து கொண்டிருக்கும் ஆன்ட்டி வைரஸ் என ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் முயற்சிக்கவும்.

எதனை மூடுவது என்று தெரியாவிட்டால் விண்டோஸ் 7-ல் ஒரு வழி இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் "அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸ்", "ஈவன்ட் வியூவர்" சென்று, "விண்டோஸ் லாக்ஸ்" என்பதில் "சிஸ்டம்" பிரிவைத் திறக்கவும். 225 என்ற எண்ணுடன் "கெர்னல் பிஎன்பி" என்று ஒரு பதிவு இருந்தால் அதனைக் கிளிக் செய்து பாருங்கள். டிரைவைக் கழற்ற விடாமல் தடுத்த புரோகிராமின் பெயரே அதில் இருக்கும்.

ஐந்தாவது சோதனை: ஐகான் எங்குமே இல்லை எனில்

அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸ் பிரிவில் "சர்வீசஸ்" திறந்து, "பிளக் அண்ட் பிளே" சர்வீஸ் "ஸ்டார்ட்டட்" என்றும் "ஆட்டோமேட்டிக்" என்றும் இருக்கிறதா எனப் பார்க்கவும். இதுவும் சரி எனில், டிரைவில் எந்த வேலையும் நடக்காதபோது, டிவைஸ் மேனேஜரில் "யூனிவர்சல் சீரியல் பஸ் கண்ட்ரோலர்ஸ்" பிரிவில் "யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் டிவைஸ்" என்பதனை மட்டும் அன்இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்திடவும். விண்டோஸ் அதனைத் தானே மீண்டும் நிறுவிக் கொள்ளும். அதே பட்டியலில் உள்ள ஹப், கண்ட்ரோலர் ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். யுஎஸ்பி மவுஸும் கீ போர்டும் அந்த நொடியே நின்றுவிடும்!

ஐகானுடன் டாஸ்க் மேனேஜர், போல்டர் ஆப்ஷன்ஸ் ஆகியவையும் சேர்ந்து காணாமல் போயிருந்தால் வைரஸைச் சந்தேகிக்கவும். 2008-ல் பரவத் தொடங்கிய கான்பிக்கர் உட்படப் பல வைரஸ்கள் பென் டிரைவின் ஆட்டோரன் வழியாகவும் பரவின. 2011 பிப்ரவரியில்தான் மைக்ரோசாப்ட் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் இந்த வழியை அடைக்கும் அப்டேட்டை எல்லோருக்கும் அனுப்பியது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்த டிரைவை வீட்டில் செருகியதும், திறக்கும் முன் ஸ்கேன் செய்வதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

பள்ளியில் கிடைத்த லேப்டாப்பா?

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஆவடி, பூந்தமல்லி பக்கம் அண்ணன் படித்த லேப்டாப் இன்று தம்பிக்கோ அப்பாவின் கணக்குக்கோ உழைத்துக் கொண்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருக்கும். இது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ஆப்பரேட்டிங் சிஸ்டம்.

பாஸ் லினக்ஸில் பச்சை அம்பைத் தேட வேண்டாம். டெஸ்க்டாப்பில் அல்லது பைல் மேனேஜரின் இடப்புறத்தில் பென் டிரைவின் பெயரில் ரைட் கிளிக் செய்து, "சேஃப்லி ரிமூவ்" அல்லது "அன்மவுன்ட்" தரவும். டிரைவின் ஐகான் மறையும் வரை காத்திருக்கவும். லினக்ஸ் கேஷிங்கை நன்றாகவே பயன்படுத்தும். காப்பி சட்டென்று முடிந்தது போல் தெரிந்தாலும், அன்மவுன்ட் செய்திடும்போதுதான் மீதி எழுதப்படும். சில நேரம் ஒன்றிரண்டு நிமிடம் ஆகலாம். இங்கே அவசரம் கூடவே கூடாது.

எதுவுமே சரியாகவில்லையா?

செய்தி வராவிட்டாலும் பைலைக் காப்பாற்ற வழி உண்டு. மை கம்ப்யூட்டரில் பென் டிரைவின் மீது ரைட் கிளிக் செய்து "எஜெக்ட்" தரவும். எக்ஸ்பியில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு இந்த வசதி வராது. அப்போது எல்லாவற்றுக்கும் மேலான வழி, கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, முழுவதும் நின்ற பின் கழற்றுவது. ஸ்டாண்ட்பை, ஹைபர்னேட் ஆகியவை ஷட் டவுன் ஆகாது. லேப்டாப்பின் மூடியை மூடுவதும் ஷட் டவுன் அல்ல. டிரைவில் மினுக்கும் விளக்கு நின்றுவிட்டது என்பதை மட்டும் நம்பிக் கழற்ற வேண்டாம். காப்பி நடக்கும்போது கரண்ட் போவதும் டிரைவைப் பிடுங்குவது போலத்தான். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இல்லையெனில் பெரிய காப்பி வேலைகளைக் கரண்ட் நிலையாக இருக்கும் நேரத்தில் வைத்துக் கொள்ளவும்.

பைல் ஏற்கெனவே கெட்டுவிட்டது எனில், "பார்மட் செய்யலாமா?" என்ற கேள்விக்கு "கேன்சல்" மட்டுமே பதில். அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுத வேண்டாம். ரெக்குவா, போட்டோரெக் போன்ற இலவச புரோகிராம்களைக் கொண்டு மீட்டுப் பார்க்கலாம். மீட்கும் பைல்களை வேறு டிரைவில் சேமிக்கவும்.

நண்பரின் கதை என்ன ஆனது? பென் டிரைவில் இருந்த பைல் தேறவில்லை. கட் செய்ததால் ஹார்ட் டிஸ்க்கிலும் இல்லை. ஆனால் பட்டறைக் கம்ப்யூட்டரை உடனே நிறுத்திவிட்டதால், ஹார்ட் டிஸ்க்கில் அதற்கு முன் அழிக்கப்பட்டிருந்த பழைய பேக்கப் ஒன்றை மீட்க முடிந்தது. அதற்குப் பின் வந்த இரண்டு மாதக் கணக்கைப் பில் புத்தகத்தின் கார்பன் காப்பியைப் பார்த்து, அவரும் மனைவியும் இரவில் உட்கார்ந்து மீண்டும் ஏற்றினார்கள். இப்போது அந்தக் கம்ப்யூட்டரில் பலூன் செய்திகள் வருகின்றன. பென் டிரைவ் குவிக் ரிமூவல் நிலையில் இருக்கிறது. கட் செய்யும் வழக்கம் அடியோடு நின்றுவிட்டது. பைலைக் காப்பி செய்து, டிரைவை முறையாக எடுத்து, மீண்டும் செருகி, பைல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பைக் சாவியைத் தேடுகிறார்.

கடைசியாக ஒரு வார்த்தை. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் மைக்ரோசாப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் முக்கியமான பைலின் ஒரே பிரதி அதிலோ, பாக்கெட்டில் உள்ள பென் டிரைவிலோ மட்டும் இருக்கக் கூடாது. இன்று மாலையே ஒரு பழைய, முக்கியமில்லாத பைலைக் காப்பி செய்து, உங்கள் கம்ப்யூட்டரில் அந்தச் செய்தி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.